ஏழுமலையின் மீசை மட்டும் ஷார்ப்

நான் அப்பவே சொன்னேன். ஏழுமலை போவதானாலும் ஒரு முகூர்த்த நாளாகப் பார்த்துத்தான் போவான், என் பிழைப்பைக் கெடுக்காமல் போகமாட்டான் என்று.

இன்று விடியற்காலை போய்விட்டான். நெஞ்சுவலி. இன்று முகூர்த்தம். சாயங்காலம் எனக்கு ஒரு ரிசப்ஷன் ஆர்டர் இருக்கிறது.

எங்கள் கதை தெரியாத இளவட்டங்களுக்காகச் சொல்கிறேன்... செங்கம் ரோட்டில் நானும் அவனும் சேர்ந்துதான் ஸ்டுடியோ வைத்திருந்தோம். நான் போட்டோ, அவன் வீடியோ.

இந்த ஜில்லாவில் பாதிப் பேர் என் கையால் கல்யாணமானவர்கள்தான். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தாலும், நான் தலையாட்டினால்தான் மாப்பிள்ளை கட்டுவார்.

அப்புறம் ஏன் இத்தனை வருஷமாக அவனோடு பேச்சில்லை... அதற்குத்தான் வருகிறேன்.

புதிதாகப் பெரிய கேமரா வாங்கினேன். நான் எட்டாவது வரைதான், ஆனால் அதோடு வந்த இங்கிலீஷ் மேனுவலை அட்டை முதல் அட்டை வரை படித்தவன்.

ஆட்டோஃபோகஸுக்கு மட்டும் பிள்ளையார் பெயர் மாதிரி ஏகப்பட்ட பெயர் வைத்திருக்கிறார்கள். எது எதற்கு என்று ஒரு விளக்கம் கிடையாது. தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளவும்... அவ்வளவுதான். என் தேவை தெரிந்தால் நான் ஏன்யா புத்தகத்தைப் படிக்கிறேன்?

முதல் வேலை கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம். தாலி கட்டுகிற நேரத்தில் நான் முன்னால் நின்று அடித்துத் தள்ளினேன். ஏழுமலை மணவறைக்குப் பின்னால் வீடியோவோடு நின்றான். கேமராவின் குட்டி ஸ்கிரீனில் எல்லாம் தெய்வீகமாகத் தெரிந்தது.

ஆல்பம் போனது. பெண்ணின் அப்பா மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு பயம்.

"ஏங்க, எம் பொண்ணு எங்கங்க? பனி மூட்டத்துல நிக்கிற மாதிரி கீது. பின்னாடி நிக்கிறாரே உங்க ஆளு, அவரு மீசையை மட்டும் ஒவ்வொண்ணா எண்ணலாம் போலக்கீது."

அதற்கப்புறம் அந்தப் பக்கம் எனக்கு ஒரு காதுகுத்து ஆர்டர்கூட வரவில்லை.

லென்ஸை மாற்றினேன். திருஷ்டி கழித்தேன். கடைசியில் ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட்ஹவுஸில் ஒரு ஜப்பான்காரனைப் பிடித்தேன். கேமரா செய்கிற ஊர்க்காரன், விடுவேனா... பெரிய இன்ஜினியர் என்றுதான் நினைக்கிறேன், கையில் யோகா பாய் வைத்திருந்தான்.

மெனுவுக்குள் மெனுவாகப் போய்க்கொண்டே இருந்தவன் ஓரிடத்தில் நின்றான். இது உங்கள் அப்பாவா என்று கேட்டான். ஸ்கிரீனில் ஏழுமலை, மீசையோடு.

விஷயம் இதுதான். ஒரு முகத்தைக் கேமராவில் பதிந்துவைத்தால், எதிரில் எத்தனை பேர் நின்றாலும் அது அந்த முகத்தைத்தான் முதலில் தேடிப் பிடிக்கும். கேமரா வந்த அன்றைக்கே, பார்த்துட்டுத் தரேன் என்று வாங்கினவன் ஏழுமலைதான்.

போன் போட்டுக் கேட்டால், சும்மா பட்டனைத் தட்டிப் பார்த்தேன், அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றான். நான் நம்புவேனா?

ஜப்பான்காரன் தானே அழித்துத் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். நானே அழிக்கணும், அவன் கண் முன்னாடி.

பஸ் ஸ்டாண்ட் எதிரே டீக்கடை. நம்ம போட்டோகிராபர் கூட்டமே உட்கார்ந்திருந்தது. ஸ்கிரீனை ஏழுமலையின் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"நல்லா பாத்துக்கடா. உன்னை அழிக்கிறேன்."

அழுத்தினேன். அவன் பாதி டீயோடு கிளாஸைக் கீழே வைத்தான்.

"சரி மச்சான். இனிமே உன் கல்யாணத்துல நான் இல்ல."

அதோடு ஸ்டுடியோ இரண்டானது. அவனுக்கு ஆர்டர் இருந்த மண்டபத்தின் வாசப்படியை நான் மிதித்ததில்லை.

இன்று காலையில் அவன் சம்சாரம் போன் பண்ணிச்சு.

"அண்ணா, பேனருக்கு அவரு போட்டோ ஒண்ணு வோணும். வூடு பூரா தேடிட்டேன்ணா. ஊரையே படம் புடிச்ச மனுசன், அவரை ஒருத்தரும் புடிக்கலியே."

என்னிடம் ஒன்று ரெடியாக இருந்தது. பந்தியில் கண்ணை மூடிக்கொண்டு அப்பளம் கடிக்கிற படம். இந்த நாளுக்கென்றே வைத்திருந்தேன். அதைத் தேடப் போய்க் கீழ்பென்னாத்தூர் ஃபோல்டர் திறந்துகொண்டது...

எல்லாப் படத்திலும் அவன்தான். கண்ணிமை முடிகூடத் தெரிகிறது.

பேனர் இப்போது செங்கம் ரோட்டில் தொங்குகிறது. போய்ப் பாருங்கள். அவன் தோள் பக்கத்தில் மங்கலாகச் சிவப்பாகத் தெரிவது பூ இல்லை, அந்தக் கல்யாணப்பெண்ணின் கூரைப்புடவை. அதை எங்கே கத்தரித்தாலும் அவன் தோளும் சேர்ந்து போகிறது, விட்டுவிட்டேன்.

மூலையில் என் ஸ்டுடியோ பெயரைப் பெரிதாகப் போடச் சொல்லிவிட்டேன். அவன் சாவிலும் விளம்பரம் எனக்குத்தான்.

மேலே ஒன்று மட்டும் கதை விட்டேன். டீக்கடையில் அழித்தேன் என்றேனே... அழிக்கவில்லை. அந்த ஜப்பான்காரன் மெனுவுக்குள் போன வழி எனக்குப் பிடிபடவே இல்லை. மேனுவலிலும் இல்லை. ஏதோ ஒரு பட்டனை அழுத்திவிட்டு கேமராவை மூடிவிட்டேன்.

இன்னமும் உள்ளேதான் இருக்கிறான்.

சாயங்காலம் ரிசப்ஷன். போயிட்டு வா என்று சொல்ல மாட்டேன்டா ஏழுமலை. போ. ஸ்டேஜுக்குப் பின்னாடி வந்து நிக்காதே.