காமாக்ஷி மாமியின் ஐந்தரைக் கட்டை

காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தின் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் காமாக்ஷி மாமி இன்னொரு பொத்தானை அழுத்துவார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள அலமாரியில் மின்சாரச் சுருதிப் பெட்டி ஒன்று இருக்கிறது. அது ரீங்கரிக்கத் தொடங்கிய பிறகுதான் வறுத்த கொட்டை இயந்திரத்துக்குள் விழும். அரைபடும் சத்தத்தில் சுருதி யார் காதிலும் விழாது. மாமிக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் மணக்கும் எங்கள் தெருவில் காபி மணப்பது இந்த ஒரு வாசலில்தான். சாயா குடிக்கிற ஊரில் காபிப்பொடி விற்றுப் பிழைக்க வாய் வேண்டும். மாமிக்கு அது தாராளமாகவே இருக்கிறது. "சேட்டா, பொடி சூடா இருக்கு, ஆத்துக்குப் போனதும் மூடியைத் திறந்து வெக்கணும், கேட்டேளா? மறந்துட்டு என்னைக் குத்தம் சொல்லப்படாது!" சிக்கரி கூடுதலாகக் கேட்பவர்களை ஒரு பார்வை பார்ப்பார், பிறகு கேட்டதைவிடக் குறைத்தே போடுவார். பல வருஷ வாடிக்கை என்ற சலுகையெல்லாம் அங்கே செல்லாது. எனக்கே செல்லவில்லை.

"எனக்கு சங்கீதம் ஒரு அக்ஷரம் தெரியாதாக்கும்" என்று மாமி அடிக்கடி சொல்வார். பாடியது அவருடைய ஒரே மகள் அஞ்சனா. கணவர் முன்பே காலமாகிவிட்டார். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது டெங்குக் காய்ச்சல் வந்து மகளும் போய்விட்டாள்.

அந்தச் சுருதிப் பெட்டி அவளுடையது. குரலின் உயரத்தைப் பாடகர்கள் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஒவ்வொரு குரலுக்கும் அதற்கென்று ஒரு கட்டை உண்டு. அஞ்சனாவுக்கு ஐந்தரை. திருகு எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அடையாளமாகத் தன் நெற்றியிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்துப் பெட்டியில் ஒட்டியிருந்தாள். அவள் போன பிறகு திருகு அந்தப் பொட்டை விட்டு நகர்ந்ததில்லை. பெட்டியைத் துடைக்கிற துணிகூட அதை ஒதுக்கித்தான் போகும்.

எங்கள் மாநிலத்துச் சித்தூருக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமங்களில் அஞ்சனா கோயில் கச்சேரிகளுக்குப் போவாள். "அம்மா, அங்க இருக்கற குட்டிகளுக்கு என்ன சாரீரம் தெரியுமோ? சொல்லித்தரத்தான் வழியில்லை" என்று வந்து சொல்வாளாம். கல்யாணத்துக்கென்று சேர்த்த நகையை விற்று, மாமி அவள் பெயரில் அந்தப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தொடங்கினார். வருஷத்துக்கு ஒரு பிள்ளை. பாட்டு கற்று முடிக்கும் வரை எல்லாச் செலவும் மாமியுடையது.

அஞ்சனாவின் பிறந்தநாளன்று தேர்வு நடக்கும். பிள்ளைகள் பெற்றோருடன் ரயில் ஏறி, போட்டில் இக்கரைக்கு வருவார்கள். மகளுக்குப் பக்கவாத்தியம் வாசித்த வயலின் நீலகண்டன்தான் நடுவர். நாற்காலிகள் என் வீட்டிலிருந்து போவதால் எனக்கும் உட்கார ஓர் இடம் கிடைக்கும். எல்லோரும் அந்தப் பெட்டியோடுதான் பாட வேண்டும். மாமி அலமாரிப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பாடுகிற முகத்தை அவர் பார்த்ததே இல்லை. பாட்டு முடிந்து கண்ணைத் திறக்கும்போது எதிரே யாரோ ஒரு பெண் இருப்பதைக் கண்டு ஒரு திகைப்பு வருமே, அதை என்னால் பார்க்க முடியாது.

ஒருமுறை கேட்டேவிட்டேன். "கண்ணை மூடிண்டா ஒரு க்ஷணம் அவ ஆத்துல இருக்காப்ல இருக்கு. அந்த க்ஷணத்துக்குத்தான் வருஷம் பூரா அரைக்கறேன்" என்றார்.

இந்த வருஷம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஸ்நேஹா என்றொரு பெண் வந்தாள். அப்பாவுக்குத் தென்னந்தோப்பில் வேலை. பெண்ணுக்குக் கனத்த குரல். கீழே அழகாக நின்ற பாட்டு, மேலே போனதும் பிசிறடித்தது.

"சுருதியக் கொஞ்சம் எறக்கிக்கலாங்களா அம்மா?"

"அது அப்படியே இருக்கட்டும், குட்டி. நீ பாடு." மாமி கண்ணைத் திறக்கவில்லை.

மறுபடி பாடினாள். மறுபடி உடைந்தது. அவளே நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "வா கண்ணு, போலாம்" என்று அப்பா பையை எடுத்தார்.

நீலகண்டன் வயலினை மடியில் இறக்கி வைத்தார். "காமாக்ஷி, இது குறைஞ்ச குரல் இல்லை. வேற குரல். மூணு வருஷமா நாம யார் பாட்டையும் கேக்கலை. அஞ்சனா மாதிரி பாடறவாளைத் தேடிண்டிருக்கோம். போன வருஷம் ஒரு பையனையும் இப்படித்தான் திருப்பி அனுப்பினோம். நானும் வாயை மூடிண்டு இருந்தேன்."

"அது அவளோட சுருதி, அண்ணா." மாமி கண்ணைத் திறந்தார். "அதையும் திருப்பிட்டா இந்த ஆத்துல அவளோடதுன்னு என்ன இருக்கு?"

அப்பாவும் பெண்ணும் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார்கள். மாமி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"குட்டி, செருப்பைப் போடாதே. இங்க வா."

காபிப்பொடி ஏறிய விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு திருகைப் பிடித்தார். "எங்க நிறுத்தணும்னு நீயே சொல்லு."

ரீங்காரம் இறங்க ஆரம்பித்தது. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அப்படியொரு ஒலியை நான் கேட்டதில்லை. திருகு பொட்டை விட்டுத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னுங் கொஞ்சம்... இன்னும்... இங்க போதுங்கம்மா."

நீலகண்டன் தந்திகளைத் தளர்த்திப் புதிதாகச் சுருதி சேர்த்தார். ஸ்நேஹா உட்கார்ந்து பாடினாள். மேலே போன குரல் உடையாமல் நின்றது. அஞ்சனாவின் குரலோடு எந்த உறவும் இல்லாத குரல் அது. மாமி இந்த முறை கண்ணை மூடவில்லை. கண்ணீர் வழிய வழிய, பாடுகிற பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடியும் வரை அவருடைய ஆள்காட்டி விரல் மட்டும் பெட்டியின் மேல், அந்தப் பொட்டை மூடியபடி இருந்தது.