ஏகாம்பரம் படித்த முத்திரை

கள்ளிக்குப்பத்தில் எங்கள் மாடி வீட்டுக்காரர் ஏகாம்பரம். ஆவடியில் பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு வெள்ளி நிபுணர் ஆகிவிட்டார். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது ஒரு பூதக்கண்ணாடியும் செல்போனில் பார்த்த சில வீடியோக்களும்தான்.

யார் வீட்டில் பாயசம் கொடுத்தாலும் நக்கிவிட்டு ஸ்பூனைத் திருப்பிப் பார்ப்பார். என் வீட்டு எவர்சில்வர் ஸ்பூனையும் விடவில்லை. "சிங்கம் இல்லியேம்மா" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில். சீமை வெள்ளியில் சிங்கம் குத்தியிருக்குமாம்.

காயலான் கடையில் அவர் பொறுக்கிவந்த ஸ்பூன் ஒன்று உண்டு. காம்பின் பின்புறம் நான்கு சின்னக் கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து. "மொதோ எழுத்து செஞ்சவன் பேரு, ரெண்டாவது ஊரு, மூணாவது வருசம், நாலாவது ராணிக்கு வரி கட்ன சீலு" என்று தண்ணீர் லாரிக்காரரை நிறுத்திக்கூடச் சொல்வார்.

அவர் பேத்தி வர்ஷாவுக்கு மாங்காடு கோயிலில் முதல் சோறு ஊட்டினார்கள். நானும் போயிருந்தேன். மருமகள் மைதிலியின் அம்மா கண்ணம்மா, தாய்வீட்டுச் சீராக வெள்ளிக் கிண்ணமும் ஸ்பூனும் கொண்டுவந்திருந்தார். ஏகாம்பரம் எல்லார் முன்னாலும் அந்த ஸ்பூனைத் திருப்பினார்.

"இன்னா சம்பந்தி, ஒரு முத்திரையும் காணோம்? வெள்ளின்னு சொல்லி எவனோ உங்க தலையில கட்டிட்டான்."

"எங்க ஊரு ஆசாரி என் கண்ணு முன்னால உருக்கிச் செஞ்சது சம்பந்தி" என்றார் கண்ணம்மா. சொந்தக்காரர்கள் கிண்ணத்தையும் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"ஆசாரி பேரு எங்க கீது? பேரு போடாதவன் சரக்க எப்டி நம்பறது? என் ஸ்பூன்லயே ஊட்டிடலாம்" என்று சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

மைதிலி அதை வாங்கினாள். நான்கு எழுத்தையும் ஒன்றாகச் சேர்த்துச் செல்போனில் தட்டினாள்.

"மாமா, இது வெள்ளி முலாம் பூசினதுன்னு இந்த நாலு எழுத்துல செஞ்சவனே குத்தி வெச்சிருக்கான். அவன் யோக்கியன்."

"போன்ல வர்றதெல்லாம் நம்புவியா நீ?"

"நீ மட்டும் எதுல பாத்துக் கத்துக்கினயாம்?" என்றார் அவர் மனைவி ராஜகுமாரி.

அவர்கள் வழக்கப்படி முதல் வாய் ஊட்ட வேண்டியவர் அப்பாவைப் பெற்ற தாத்தா. ஏகாம்பரம் குழந்தையை வாங்கக் கை நீட்டினார். மைதிலி குழந்தையைத் தன் அம்மா மடியில் உட்கார வைத்து, ஆசாரி செய்த ஸ்பூனை அவர் கையில் கொடுத்தாள்.

"நீ ஊட்டும்மா."

நீட்டிய கையில் ஏகாம்பரம் தன் ஸ்பூனைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்று அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.