ஷாரோன் ஊட்டிய கேக்

ஈர ஜாக்கெட்டும் பட்டர் கேக்கும் கலந்த ஒரு வாசனை... வுப்பர்டாலில் நான் வாலண்டியராக இருந்த வருஷம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வாசனைதான். மழையில் நனைந்து வரும் பிள்ளைகள் ஜாக்கெட்டைக் கழற்றி ஹீட்டர் மேல் போடுவார்கள். பக்கத்து மேசையில் யாரோ ஒரு அக்கா வீட்டில் செய்து கொண்டுவந்த கேக் இருக்கும்.

நான் திருநெல்வேலிக்காரி. படிப்பை முடித்த கையோடு, சர்ச் மூலமாகப் பிள்ளைகள் ஊழியத்துக்கு ஒரு வருஷம் ஜெர்மனி வந்தேன். வந்து பார்த்தால் சண்டே கிளாஸ் பிள்ளைகள் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறார்கள், சண்டை மட்டும் ஜெர்மனில் போடுகிறார்கள். முடியாது என்பதற்கு எங்கள் பக்கத்திலும் "ஏலாது" என்பார்கள் என்பதால் சீக்கிரமே ஒட்டிக்கொண்டேன்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பிறந்தநாள் பிள்ளை கேக் வெட்டி, சர்ச் ஹாலில் இருக்கும் எல்லாருக்கும் தன் கையாலேயே ஊட்ட வேண்டும். முதலில் பெரியவர்கள், கடைசியில் பிள்ளைகள் வரிசை. மூக்கு, மீசை எல்லாம் ஐசிங் ஆகும். சண்டே கிளாஸுக்குப் பொறுப்பாக இருந்த ரூபன் அண்ணை ஒவ்வொரு முறையும் விரலையும் சேர்த்துக் கடிப்பதுபோல் நடிப்பார். பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள்.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது என் வேலை. அந்த வரிசையில் எப்போதும் முதல் ஆள் ஷாரோன். எட்டு வயசு, இரட்டைப் பின்னல், முன்பல் கிடையாது. தன் பிறந்தநாளை நினைத்து எப்போதோ திட்டம் போட்டுவிட்டாள்.

"ரூபன் மாமாவுக்குக் கேக் மட்டும்தான் அக்கா. விரல் குடுக்கமாட்டன்."

அவளைத் தனியாக வளர்த்தவர் அவள் அம்மா ரஜனி அக்கா. ஷாரோன் பிறந்தநாளுக்குக் கொஞ்சம் முன்னால், பெண்கள் ஜெபக்கூட்டத்தில் தனக்கு எச்ஐவி இருப்பதை அவர் சொன்னார். மாத்திரை எடுக்கிறேன், நன்றாக இருக்கிறேன், மகளுக்கு இல்லை, தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ யாருக்கும் வராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்... தனியாகச் சுமக்க முடியவில்லை, எனக்காக ஜெபியுங்கள் என்றார். எல்லாரும் அழுதார்கள், கட்டிப்பிடித்தார்கள். நானும் அந்த அறையில் இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மொத்தச் சபைக்கும் தெரிந்துவிட்டது. கேட்டால் யாரும் புறணி பேசவில்லையாம்.

"ஜெபிக்கத்தானே சொன்னனாங்கள்."

நம் ஆட்களுக்கு இது கைவந்த கலை. ஜெபக்குறிப்பு என்று பெயர் வைத்துவிட்டால் எதையும் எங்கேயும் சொல்லலாம்.

பிறந்தநாளும் வந்தது. வழக்கமாகப் பிறந்தநாள் பிள்ளையின் அம்மாதான் கேக் செய்வார். "நீங்கள் கஷ்டப்படாதேங்கோ, இந்தமுறை கடையிலை எடுப்பம்" என்று ரூபன் அண்ணை ரஜனி அக்காவிடம் சொல்லியிருந்தார். மேசையில் கேக்குக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பாக்கெட் பிளாஸ்டிக் முள்கரண்டி.

"இண்டைக்கு நேரமில்லை. எல்லாரும் தட்டிலை எடுங்கோ" என்றார் ரூபன் அண்ணை.

ஷாரோனுக்கு அது புரியவில்லை. ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்வரிசைக்கு ஓடினாள்.

"எனக்குச் சுகர் பிள்ளை."

"வேண்டாமம்மா, இப்பதான் சாப்பிட்டனான்."

போன மாசம்வரை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள்... பாதி ஹாலுக்கு ஒரே மத்தியானத்தில் சுகர் வந்துவிட்டது. ரூபன் அண்ணை தட்டை நீட்டி, "இதிலை வை பிள்ளை, பிறகு சாப்பிடுறன்" என்றார். விரலைக் கடிக்கவில்லை. ரஜனி அக்கா ஜாக்கெட்டைக் கையில் பிடித்தபடி கதவோரம் நின்று மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஹாலில் எனக்கு இருந்த ஒரே அதிகாரம் பிள்ளைகள் வரிசைதான்.

"எல்லாரும் லைன்ல வாங்க" என்றேன். நானே முன்னால் நின்று வாயைத் திறந்தேன். ஷாரோன் திணித்த வேகத்தில் எனக்குப் புரையேறியது. பின்னால் வழக்கம்போல் தள்ளுமுள்ளு. இரண்டு அம்மாக்கள் வந்து தங்கள் பிள்ளைகளை வரிசையிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். மற்றப் பிள்ளைகள் வாங்கிச் சாப்பிட்டார்கள். ஷாரோன் மட்டும் அந்த இரண்டு பேர் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு என்னிடம் வந்து கையை விரித்துக் காட்டினாள்.

"அக்கா, என்ரை கை ஊத்தையோ? சோப் போட்டுக் கழுவினனான்."

"இல்லடா செல்லம், சுத்தமாத்தான் இருக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள்தான் வந்தார்கள். அப்புறம் நின்றுவிட்டார்கள். சபையில் அவர்களுக்காக மைக்கில் ஜெபித்தார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். நான் காய்ச்சலில் கிடந்தபோது வீடு தேடி ரசம் கொண்டுவந்தவர் இதே ரூபன் அண்ணைதான். அந்த வருஷத்தை நினைத்தால் இன்றும் மனசு இளகுகிறது. கோபமும் போகவில்லை, பாசமும் போகவில்லை.

இப்போது நான் கார்ல்ஸ்ரூஹேயில் ஐடி வேலை. போன மாசம் வுப்பர்டால் போயிருந்தேன். அதே ஹால், அதே ஹீட்டர், அதே ஈர ஜாக்கெட். ஒரு பையனுக்குப் பிறந்தநாள். எல்லாரும் முள்கரண்டியால் அமைதியாகச் சாப்பிட்டார்கள்.

"கொரோனாவோடை ஊட்டுறதை விட்டிட்டம் பிள்ளை" என்றார் ரூபன் அண்ணை. தலை நன்றாக நரைத்துவிட்டது.

"இல்லண்ணே. ஷாரோன் பிறந்தநாளோட விட்டோம்."

அவர் முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். "ஓம்..." என்றார்.

ரஜனி அக்காவோடு இன்றும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், சுகமாக இருக்கிறார். ஷாரோன் ஹனோவரில் படிக்கிறாள். என் பிறந்தநாளுக்குத் தன் அம்மா செய்த பட்டர் கேக்கோடு ரயிலேறி வந்திருந்தாள். டப்பாவைத் திறந்ததும் அதே வாசனை. ஒரு துண்டு வெட்டி, கையில் எடுத்து, என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"அக்கா, சாப்பிடுவியளோ?"

எட்டு வயசில் அவள் யாரையும் இப்படிக் கேட்டதில்லை.

வாயைத் திறந்து, அவள் விரலையும் சேர்த்துக் கடித்தேன்.