ஆமாம், ஹாலோவீனுக்குப் பிச்சை எடுத்தோம்

பிச்சை எடுப்பது அவ்வளவு கேவலமா? ஹாலோவீன் அன்று சாயங்காலம் அமீரகத்துப் புஜைராவில் எங்கள் வீட்டுக்குள் நடந்த சண்டை இதைப் பற்றித்தான்.

எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் என் கணவரின் கம்பெனிக்காரர்கள். எண்ணெய்க் கிடங்கு வேலை. மேல்மாடியில் அவருடைய மேலாளர் குடும்பம், அவர்களும் தமிழர்கள்தான். ஹாலோவீன் வந்தால் பிலிப்பைன்ஸ்காரர்கள், தென்னாப்பிரிக்கக் குடும்பம் ஒன்று, நம்மவர்களில் கொஞ்சம் பேர் கதவில் பூசணிப் படம் ஒட்டிவைப்பார்கள். பேய் வேஷம் போட்ட பிள்ளைகள் மணியடித்தால் மிட்டாய் கொடுப்பார்கள். அவ்வளவுதான் விஷயம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு இரண்டு வாரமாக வேறு பேச்சே இல்லை. பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து அங்கி தைத்துக் கொடுத்திருந்தேன். பள்ளியிலிருந்து வரும்போது பூசணி வரைந்த துணிப்பையோடு வந்தாள்.

நாங்கள் ஏறிய லிஃப்டில் மேலாளர் வீட்டம்மா இருந்தார். பையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என் மகளிடம் கேட்டார்.

"என்னம்மா, வீடு வீடா போய்ப் பிச்சை எடுக்கப் போறியா? அப்பா சம்பாதிக்கிறது பத்தலையா?"

வீட்டுக்குள் வந்ததும் அவள், "பிச்சைன்னா பெக்கிங்காம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தானும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். "நான் போகல. எல்லாரும் லாஃப் பண்ணுவாங்க."

டூட்டி முடிந்து வந்த கணவருக்கு இதைக் கேட்டதும் ஒரே நிம்மதி. "விடு, நல்லதாப் போச்சு. நமக்கெதுக்கு இந்தப் பேய்க் கூத்து? நாளைக்கு மேனேஜர் மூஞ்சியில நான் முழிக்கணும்."

எனக்கு வந்ததே கோபம். மிட்டாய்க்காக இல்லை. ஹாலோவீன் எனக்கு மாமனா மச்சானா? அவளுக்கே பிடிக்காமல் வேண்டாமென்று சொல்லியிருந்தால் அங்கியைத் தரை துடைக்கப் போட்டிருப்பேன். ஆனால் இன்னொருவர் முன்னால் கையேந்தி நிற்பது அசிங்கம் என்று என் பிள்ளை கட்டிலுக்கு அடியில் கிடந்து கற்றுக்கொள்ள நான் விடுவதாக இல்லை.

நான் குலசேகரப்பட்டினத்துப் பக்கத்துக்காரி. அங்கே தசராவுக்குக் காளி, குறத்தி, குரங்கு, எமன், எலும்புக்கூடு என்று நேர்ந்துகொண்ட வேஷத்தைக் கட்டி, வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி, அதை அம்மனுக்குக் காணிக்கையாகச் செலுத்துவார்கள். வக்கீலும் கேட்பார், வாத்தியாரும் கேட்பார். கல்யாணமாகிப் பல வருஷம் எனக்குப் பிள்ளை இல்லை. ஒரு தசராவுக்கு இங்கிருந்து தனியாக விமானம் ஏறிப் போய்ப் பிச்சைக்காரி வேஷம் கட்டினேன். எம்.எஸ்ஸி படித்தவள், வெளிநாட்டுக்காரி, கிழிந்த சேலையில் மடியை ஏந்தித் தெருத்தெருவாக நடந்தேன். முதல் வீட்டு வாசலில் நாக்கு எழும்பவில்லை. தெரு முடிவதற்குள் குரல் வந்துவிட்டது. அடுத்த தசராவுக்கு முன்னால் இவள் பிறந்தாள். அம்மன் கொடுத்தாளா மருத்துவர் கொடுத்தாரா என்று யாரும் என்னோடு வாதாட வரவேண்டாம். வைத்தியமும் பார்த்தேன், பிச்சையும் எடுத்தேன்.

கட்டில் ஓரம் தரையில் உட்கார்ந்து குனிந்து பார்த்தேன்.

"ஏட்டி, இங்க பாரு. ஒன்னய எப்படி வாங்கினேன் தெரியுமா? பிச்சை எடுத்துத்தான் வாங்கினேன்."

"என்னையா? யாருகிட்ட?"

"ஊரு முழுக்க. வீடு வீடாப் போயி மடியேந்திக் கேட்டு, அம்மங்கிட்ட கொண்டு குடுத்து வாங்கினேன்."

"லாஃப் பண்ணாங்களா?"

"சில பேரு சிரிச்சாவ. சிரிச்சா அவிய பல்லுதான தெரியும், நமக்கென்ன?"

முதலில் பை வெளியே வந்தது, பின்னால் அவள். "நீயும் வேஷம் போட்டுட்டு வா" என்றாள்.

பழைய பருத்திச் சேலை ஒன்றின் ஓரத்தைக் கிழித்துக் கட்டினேன். முடியை அவிழ்த்துவிட்டேன். இரண்டு பேர் கன்னத்திலும் கண்மை பூசினேன். அந்தத் தசராவுக்கு என்னை விமான நிலையத்தில் கொண்டு விட்டவரே என் கணவர்தான், அதனால் தடுக்கவில்லை. "மேல்மாடிக்கு மட்டும் போகாதே" என்றார்.

பூசணிப் படம் ஒட்டாத கதவைத் தட்டக்கூடாது என்பது இந்தக் கட்டடத்து முறை. எந்த வீட்டையும் விடக்கூடாது என்பது எங்கள் ஊர் முறை. நான் எங்கள் ஊர் முறையை எடுத்துக்கொண்டேன். மரியாதை இல்லாத காரியம்தான், தெரியும். மறுநாள் ஆபீஸில் கணவர்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதும் தெரியும். இருந்தும் கீழ்த்தளங்களை முடித்துவிட்டு, பாதி நிறைந்த பையோடு மேலே போனோம்.

மேலாளர் வீட்டம்மா கதவைத் திறந்தார். என் தலையையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்தார். மற்ற வீடுகளில் ஆங்கிலத்தில் கேட்டுவந்த என் மகள், இங்கே பையை விரித்துத் தமிழில் கேட்டாள். நடைபாதை முழுக்கக் கேட்கும் குரலில் கேட்டாள்.

"ஆன்ட்டி, பிச்சை போடுங்க!"

"என்ன கூத்து இது? உன் வீட்டுக்காரர் மானத்தை வாங்கறதுக்குன்னே வந்தியா?" என்று என்னிடம் சீறிவிட்டுக் கதவைப் படாரென்று சாத்தினார்.

உடம்பெல்லாம் எரிந்தது. திருப்பிக் கொடுக்க நாக்கு நுனியில் அத்தனை வார்த்தை இருந்தது. மறுபடி மணியை அடிக்கக் கையைத் தூக்கினேன். பிள்ளை அழுதுவிடுவாளோ என்ற பயத்தில் ஒரு கணம் கீழே பார்த்தேன்.

அவள் பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் முந்தானையை இழுத்தாள்.

"அம்மா, இங்க மாஃபி, ஒண்ணும் இல்ல. யால்லா, வா, நெக்ஸ்ட் டோர்."

நான் கையை இறக்குவதற்குள் பக்கத்து வீட்டு மணியை அவள் அடித்துவிட்டாள்.