தேடப் போன கப்பல்கள்

சிட்னியின் தெற்கே, பொட்டனி குடாவை ஒட்டிய புல்மேட்டில் நிற்கிறேன். காற்று ஆளைத் தள்ளுகிறது. என்னைக் கூட்டி வந்தவர், மெரிலேண்ட்ஸில் நான் தங்கியிருக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டு அன்ரி, யாழ்ப்பாணத்துக்காரர். எதிரே ஒரு பிரெஞ்சுப் பிரபுவின் நினைவுத்தூண். இந்தக் குடாவிலிருந்து கப்பலில் புறப்பட்டவர், ஊர் திரும்பவே இல்லை.

"ஒருத்தரும் தேடிப் போகேல்லையோ?" என்கிறார் அன்ரி.

"போனாங்க அன்ரி. பிரெஞ்சுப் புரட்சியில நாடே தலைகீழா கிடந்தப்பவும் ரெண்டு கப்பல் அனுப்பினாங்க. ஒண்ணும் தெரியலை."

"அந்தக் குழப்பத்துக்குள்ளயுமோ?"

அன்ரி தூணை அண்ணாந்து பார்க்கிறார். கடைசி யுத்தத்தில் காணாமல் போன கணவரைப் பற்றிக் காரில் சொல்லியிருந்தார். விசாரித்த இடத்திலெல்லாம் தெரியாது என்றே சொன்னார்களாம்.

"அவற்ர மனுசி?"

"கடைசி வரைக்கும் அவர் மனைவிக்கு எந்தச் சேதியும் வரலையாம்."

"ஓம்," என்கிறார் மெதுவாக.

பிறகு தூணருகே போய் நின்று, ஒரு படம் எடுக்கச் சொல்கிறார். நான் போனை உயர்த்தியதும் கையால் தடுக்கிறார். சேலைத் தலைப்பால் முகத்தில் பட்ட கடல் சாரலை ஒற்றுகிறார், நெற்றிக் குங்குமத்தை மட்டும் தொடாமல்.

"இப்ப எடும்."