இரண்டு தட்டு, பிறகு ஒன்று

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவனுக்கு, தரை சமமா என்று பார்க்கும் கருவியை வைத்து, ‘ரசமட்டம்’ என்றுதான் பெயர். டைல்ஸ் பதிப்பவன். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் நூல் பிடித்து நடுவைக் கண்டுபிடிப்பான். கலவை குழைப்பதற்கு முன் கற்களை வெறுந்தரையில் பரப்பிப் பார்ப்பான். பதித்து முடித்த மறுநாள் வந்து ஒவ்வொரு கல்லையும் விரல் முட்டியால் தட்டிக் கேட்பான். அடியில் காற்று நின்றிருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுக்காரர் “பரவாயில்ல, விடுங்க” என்றாலும் விடமாட்டான்; பெயர்த்தெடுத்து மறுபடி பதிப்பான்.

“இவன் தட்டுற தட்டுக்கு எவனாவது அடியில இருந்து ‘யாரு?’ன்னு கேக்கப்போறான்” என்றார் மேஸ்திரி ஒருநாள். எல்லோரும் சிரித்தார்கள். அவன் எழுந்து போய்க் கை கழுவினான்.

அவன் படிப்பு பத்தாவதோடு நின்றது. தங்கை அவனைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு இலக்கியம் படிக்கிறாள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். “எங்க வீட்டுல ஒருத்தி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுறா” என்பதைக் குளியலறைக்குக் கல் தேர்வு செய்ய வந்தவர்களிடம்கூட, கல்லின் அளவைச் சொல்வதுபோல நடுவில் நுழைத்துவிடுவான்.

அந்தக் கட்டுரையின் திட்டம்தான் ஒரு வெள்ளிக்கிழமை சிவப்பு மையோடு திரும்பி வந்தது. பழைய நாடகம் ஒன்றைப் பற்றியது. படகோட்டி ஒருவன் ஆற்றோடு போய்விடுகிறான். அவன் செத்தான் என்றே ஊர் முடிவு கட்டுகிறது. கடைசிக் காட்சியில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். மனைவி உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். திறக்கவில்லை. தட்டுவது நிற்கிறது. மறுநாள் படித்துறையில் அவன் உடல் கிடப்பதாக வெளியிலிருந்து ஒரு குரல் சொல்கிறது. திரை விழுகிறது.

அவள் ஏன் திறக்கவில்லை? பேய் என்று பயந்தாள் என்று தங்கை எழுதியிருந்தாள். பேராசிரியர் ஓரத்தில் இரண்டே சொல் எழுதியிருந்தார்: சான்று எங்கே?

“திங்கட்கிழமைக்குள்ள சரியா குடுக்கலன்னா அவங்களே வேற தலைப்பு குடுத்துடுவாங்களாம்” என்றாள். “எனக்கு இதுதான் வேணும் அண்ணா. வேற எதையும் என்னால எழுத முடியாது.”

“எத்தனை பக்கம் அந்தப் புத்தகம்?”

“நூத்திப் பத்து. ஏன், நீ படிக்கப்போறியா?”

“படிச்சா தேஞ்சா போயிடும்?”

“தேயாது. ஆனா நீ ரசமட்டம் வச்சுப் படிப்ப. அதுதான் பயமா இருக்கு.”

சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு படித்தான். விரலை வரிக்கு அடியில் வைத்து, உதடு அசைய. வசனங்களில் பாதி பிடிபடவில்லை. சாய்வெழுத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்தவை மட்டும் அவனுக்கு நன்றாகப் புரிந்தன: யார் எங்கே நிற்க வேண்டும், விளக்கு எந்தப் பக்கம், எப்போது எழ வேண்டும். வேலைக்குறிப்பு மாதிரி இருந்தது. டைல்ஸ் வந்த அட்டைப்பெட்டிகளைச் சீட்டுகளாகக் கிழித்து, அவற்றை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதி எடுத்தான்.

முதல் அங்கத்தில் படகோட்டி வீடு திரும்பும் இடம்: கதவு தட்டப்படுகிறது, இரண்டு, நிறுத்தி ஒன்று. மனைவி சிரித்தபடி எழுகிறாள். இரண்டாம் அங்கத்திலும் அப்படியே. நடுவில் வட்டிக்காரன் வந்து தட்டுகிறான், பக்கத்து வீட்டுக்காரி வந்து தட்டுகிறாள். அங்கெல்லாம் வெறுமனே ‘தட்டல்’ என்றுதான் இருக்கிறது. கடைசிக் காட்சிக்கு வந்தான். கதவு தட்டப்படுகிறது, இரண்டு, நிறுத்தி ஒன்று.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினாறு வயதில், மழை பெய்த ஒரு மத்தியானம், அவன் அப்படி ஒரு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அப்பா வீட்டை விட்டுப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. குடித்துவிட்டு வந்தால் கதவை உதைப்பார், கையில் கிடைத்ததை வீசுவார். வந்தால் திறக்காதே என்று சொல்லிவிட்டு அம்மா வேலைக்குப் போயிருந்தாள். ஆனால் அன்று அப்பா உதைக்கவில்லை. சீராகத் தட்டினார். குடிக்காத நாளில் மட்டும் வரும் தட்டு அது. நாலு வயதுத் தங்கையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, மூச்சு விடாமல் இருந்தான். கொஞ்ச நேரத்தில் காலடி விலகிப் போயிற்று. மறுநாள் தெருமுனைப் பேருந்து நிறுத்தக் கூரையின் அடியில் அப்பாவின் உடலைக் கண்டெடுத்தார்கள்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா சாகும்வரை நம்பியதும், தங்கை இன்றுவரை நம்புவதும் ஒன்றுதான்: அப்பா வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார், வந்து சேரவில்லை. ‘வந்துட்டு இருந்தாரு’ என்று சொல்லும்போதெல்லாம் அவள் முகம் தெளிந்துவிடும். அந்தத் தெளிவைக் கெடுக்க அவனுக்குக் கை வரவில்லை.

கடைசிக் காட்சியின் சீட்டைத் தனியாக எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஞாயிறு மத்தியானம் மேசையை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் சீட்டுகளைப் பரப்பினார்கள்.

“வாசல்ல இருந்து ஆரம்பிக்காத” என்றான். “எதப்பத்தி எழுதுறியோ அத நடுவுல வை. மத்ததெல்லாம் அதுல இருந்து நாலு பக்கமும் போகட்டும். வெட்டிப் போடுற துண்டுக் கல்லெல்லாம் ஓரத்துக்குப் போயிடணும்.”

“எங்க பேராசிரியர் ஒரு மணி நேரம் சொன்னத நீ ஒரு நிமிஷத்துல சொல்லிட்ட.”

“அவங்களுக்கு மணிக்கணக்குல சம்பளமா இருக்கும்.”

அவள் சிரித்தாள். வெறுஞ்சீட்டு ஒன்றில் ‘கதவு’ என்று எழுதி நடுவில் வைத்தாள். பயம், ஊர்ப்பேச்சு, தனிமை என்று சுற்றிலும் அடுக்கினாள். அடுக்க அடுக்க முகம் சுருங்கியது. “எல்லாம் நான் சொல்றதுதான். புத்தகம் சொல்றது ஒண்ணுமே இல்ல அண்ணா. நாளைக்கும் திருப்பிக் குடுத்துடுவாங்க.”

அவன் கண்ணுக்கு அது அடியில் காற்று வைத்துப் பதித்த தரை. தெரிந்துகொண்டே மூடிவிட்டுப் போக அவனால் ஆகவில்லை. பையிலிருந்த சீட்டை எடுத்து நடுவில் வைத்தான். பக்கத்தில் மற்ற தட்டல் சீட்டுகளையும் வரிசையாக வைத்தான்.

அவள் குனிந்து படித்தாள். திரும்பப் படித்தாள். “அண்ணா, இது புருஷன் தட்டு.”

“ஆமா.”

“அப்போ அவளுக்குப் பேய்னு பயம் இல்ல. யாருன்னு தெரிஞ்சிருக்கு. இத நீயா கண்டுபிடிச்ச?” அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். “எங்க வகுப்புல நாப்பது பேர், ஒருத்தர் கண்ணுலயும் படல.”

அவனுக்குப் பெருமையாக இருந்தது. ஆனாலும் அவள் கண்ணைப் பார்க்காமல் சீட்டுகளை நேராக்கினான். அவள் பேனாவை எடுத்து முடிவுரைக்கான வரியை வேகமாக எழுதி, வாய்விட்டுப் படித்தாள்: “அவள் அறிந்திருந்தாள்; அறிந்தே தன் கணவனைக் கொன்றாள்.”

“கொன்னான்னு எழுதாத.”

“ஏன்? நீ குடுத்த சான்றுதானே?”

“அவ திறக்கலன்னுதான் இருக்கு.”

“திறக்காம விட்டா என்ன ஆகும்னு தெரியாதா அவளுக்கு?”

“தெரியாது. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிடுவாரு, நாளைக்கு வருவாருன்னுதான் தோணும். உள்ள இருக்கறவங்களுக்கு அப்படித்தான் தோணும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பதினாறு வருடமாக அதைத்தான் செய்து வந்தான். அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, சான்றுக்குக் காத்திருப்பவள்போல அவனையே பார்த்தாள்.

“அப்பா வந்து சேர்ந்தாரு” என்றான்.

பிறகு மீதியையும் சொன்னான். அளவு சொல்வதுபோல, கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். அவன் சொல்லி முடித்ததும் அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்து, சீட்டுகளுக்கு அந்தப் பக்கம், அவனுக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்தாள்.

“நானும் உள்ள இருந்தேனா?”

“என் மடியில.”

“நான் எதுவும் சொல்லலையா?”

“‘அப்பா’ன்னு சொன்ன. ஒரு தடவ. அதுக்குள்ள பொத்திட்டேன்.”

அவள் தன் வாயை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எழுதிய வரியில் கடைசிப் பகுதியை அடித்தாள். ‘அவள் அறிந்திருந்தாள்’ என்பது மட்டும் நின்றது.

“தெரியும்னு எழுதுவேன். அத மாத்தமாட்டேன்.”

“மாத்த வேணாம்.”

“இன்னும் எத்தனை வருஷம் சொல்லாம இருந்திருப்ப?”

“நீ வேற நாடகம் எடுத்திருந்தா, கடைசிவரைக்கும்.”

அவள் தலையாட்டினாள். அது கோபமா, ஒப்புதலா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. சீட்டுகளை ஒவ்வொன்றாக வரிசை மாறாமல் எடுத்து அடுக்கினாள். பாதியில் கை நின்றது.

“அப்பா ரொம்ப நனைஞ்சிருந்தாரா?”

“தெரியலம்மா” என்றான். “நான் பார்க்கவே இல்லையே.”