மந்தைவெளியில் கேட்காத காது

சென்னை மந்தைவெளியில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டால் என் கணவருக்குக் காது கேட்பதில்லை. நாங்கள் வசிக்கும் நார்வேயின் ட்ரான்ட்ஹைமில் நன்றாகவே கேட்கும். அங்கே எங்கள் நான்கு வயது மகள் இனியா கழிவறையிலிருந்து “அப்பா, ஃபேர்டி!” என்று குரல் கொடுத்தால், அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவார். ‘முடிந்தது’ என்பதற்கு நார்வே மொழியில் அதுதான் சொல். அந்த ஊர்க் குழந்தைகள் எல்லாம் அப்படித்தான் கத்துகின்றன, அப்பாக்களும் போய்க் கழுவிவிடுகிறார்கள். இனியா கைக்குழந்தையாக இருந்தபோது, பாப்பாபெர்ம் என்கிற அப்பாக்களுக்கான விடுப்பில் அவர் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார். பால் கலக்கினார், துணி மடித்தார், தூங்கவைத்தார். ஒருநாள் மழலையர் பள்ளிக்கு நான் அவளை அழைத்துப் போனதும் ஆசிரியை பதறிவிட்டாள். “அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்றாள். நான் இனியாவின் அம்மா என்றேன். “அது தெரியும், அவருக்கு என்ன ஆச்சு?” என்று மறுபடியும் கேட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை அம்மணி, சென்னைக்கு வந்தால்தான் ஆகும். வெளிநாட்டில் வீடு பெருக்கும் மாப்பிள்ளைகள் இதைப் படித்தால் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்: மீனம்பாக்கத்தில் இறங்கியதும் உங்களுக்கும் கை ஓடுவதில்லைதானே?

இதில் எனக்கும் பங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே அவர்தான் வத்தக்குழம்பு வைப்பார். மாமியாரிடமிருந்து வீடியோ அழைப்பு வரும். உடனே கரண்டியை என் கையில் திணித்துவிட்டு சோபாவில் போய் உட்கார்ந்து, கைப்பேசியை என் பக்கம் திருப்புவார். நான் கிளறுவேன். “பாவம், அவனுக்குச் சூடாப் போடும்மா” என்பார் மாமியார். முதல் தடவை இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆறு வருடங்களாக அந்த நாடகம் நடக்கிறது. இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இந்த முறை வந்த மூன்றாம் நாள், கணவரின் தாய்மாமா மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். கூடத்தில் அவரும் கணவரும் ஆளுக்குப் பாதி செய்தித்தாளுடன் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து “அப்பா, ஃபேர்டி!” என்றாள் இனியா. கணவர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள்.

“குழந்த கூப்பிடுதே, போயேம்மா” என்றார் மாமியார்.

“அவ அப்பாவத்தான் கூப்பிடறா, அத்தை.”

“ஆம்பளையப் போய் இதுக்கெல்லாமா கூப்பிடுவாங்க? நீதான் சொல்லிக் குடுக்கணும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்று எழுந்து போகிறாரா இல்லையா, பார்த்துவிடுகிறேன் என்று நானும் அசையாமல் நின்றேன். ஏழு தடவை கூப்பிட்டாள். எட்டாவது தடவை அழுகைதான் வந்தது. கணவர் பக்கத்தைத் திருப்பினார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த செல்வி எட்டிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, கொயந்த கத்திக்கினே கீது. அண்ணன் சும்மாதான குந்திக்கினு கீறாரு, போவக்கூடாதா?”

“நீ உன் வேலையப் பாரு செல்வி” என்றார் மாமியார்.

அவள் கையில் இருந்த சோப்பைக் கழுவிக்கொண்டு, யாரையும் கேட்காமல், நேரே குழந்தையிடம் போனாள். இனியாவின் தொடைகளில் இருக்கையின் வளையம் சிவப்பாகப் பதிந்திருந்தது. என் வீம்புக்காக நானும்தான் அவளை அங்கே உட்காரவைத்திருந்தேன். அந்தச் சிவப்பை நான் மறக்கப்போவதில்லை.

மாமா கிளம்பிப் போன பிறகு கேட்டேன். “உங்க பொண்ணு அழுதது காதுல விழலையா?”

“விழுந்துது” என்றார். “மாமா முன்னாடி எப்படி எந்திரிச்சுப் போறது? இருக்கப்போறது பத்து நாள். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்.”

காது கேட்காதவரையாவது மன்னித்துவிடலாம். அங்கே செய்யாவிட்டால் அவருக்கு வெட்கம், இங்கே செய்தால் வெட்கம். இரண்டு ஊரிலும் அவர் பார்ப்பது அடுத்தவர் முகத்தைத்தான். இத்தனை வருடமும் அதைப் பாசம் என்று நினைத்துப் பூரித்துக்கிடந்த என்னைச் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து இனியா அப்பாவைக் கூப்பிடவில்லை. செல்வி இருந்தால் செல்வி, இல்லாவிட்டால் நான். “பாத்தியா, நாலு நாள்ல கத்துக்கிட்டா” என்று மாமியார் மெச்சிக்கொண்டார்.

திரும்பும் விமானத்தில் இனியா கழிவறைக்குப் போக வேண்டும் என்றாள். கணவர் உடனே இருக்கைப் பட்டையைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். அவள் நகரவில்லை. அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அம்மா, இங்க யாரக் கூப்பிடணும்?”

சன்னலுக்கு வெளியே வெறும் மேகம். கீழே எந்த நாடு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.